வெதுவெதுப்பான சுவர்

எங்கள் குரிட்டிபா நகரத்தில் ஜூலைதான் கடுங்குளிர்; குளியலறைச் சுவரைத் தொட்டால் கை சில்லிட வேண்டும். எங்கள் வீட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணீரைத் தானே சூடாக்கித் தரும் புதிய மின்ஷவரின் கீழே நிற்கும்போதெல்லாம் உள்ளங்கையைச் சுவரில் பதித்துக்கொள்வேன். அந்தச் சூட்டையும் ஷவரின் ஒரு வசதி என்றே எடுத்துக்கொண்டேன். சுகமாக இருந்தது, அதனால் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பழைய ஷவர் சின்னது. குளிர் தாங்காமல் என் கணவன் அடாயிர் கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கி வந்தான். மாட்டிய அன்றே பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றது. இருபத்தைந்து ஆம்பியரைக் கழற்றிவிட்டு நாற்பதை மாட்டினான். எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். அதற்குப் பிறகு அது விழவேயில்லை.

சனிக்கிழமை மகள் ஜொசியானி வழக்கம்போல நெடுநேரம் குளித்துவிட்டு வந்து, ரப்பர் தீய்கிற வாடை வருகிறது என்றாள். வெளியே நடையில் நின்று சுவரைத் தடவினேன். கையகலத்துக்குச் சூடு, நேர்கோடாக மின்பலகை வரை போயிற்று. அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. ஒயர் மட்டும்தான்.

அடாயிரைக் கூப்பிட்டேன்.

“பெட்டியிலயே நாற்பதுன்னு போட்டிருக்கு. நாற்பதுதான மாட்டியிருக்கேன்” என்றான்.

“ஒயரு?”

“பழசுதான். ரெண்டரை எம்.எம்.”

“ஆறு வேணும்னும் அதே பெட்டியில போட்டிருக்கே.”

“இத்தன வருஷம் ஒண்ணும் ஆகலையே, கிழவி.”

“அந்தச் சின்ன பிரேக்கர்தான் இத்தன வருஷமா ஒயரக் காப்பாத்துச்சு. அதத்தான் கழட்டிட்ட.”

பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுக்கலாமே என்றேன். அவன் குளியலறைச் சுவரின் நீல ஓடுகளைப் பார்த்தான். அந்த வீட்டைத் தன் கையால் கட்டியவன். வருகிறவர்களை எல்லாம் குளியலறைக்கு அழைத்துப்போய் ஓடுகளைக் காட்டுவான்.

“உருவ வராது. ஒயருக்குக் குழாய் போடல. அன்னைக்குத் தீந்துபோச்சு. ஒயர அப்படியே சிமெண்ட்ல பொதச்சிட்டேன்” என்றான் கடைசியில்.

உடைத்தால் என் அண்ணன் ஈவோதான் வந்து உடைப்பான், அவன் கொத்தனார். அடாயிருக்கு ஓடு போவதைவிட, குழாயில்லாத தன் வேலையை ஈவோ பார்த்துவிடுவதுதான் பெரிதாக இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ஷவர் பிரேக்கரை அணைத்தேன். சுவரை உடைக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்றேன். அவனிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

பீன்ஸ் வேகவைக்கும் பானையில் வெந்நீர் போட்டுக் குளித்தோம். பீன்ஸ் வாடைக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை என்று ஜொசியானி முறையிட்டாள். அடாயிர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே ஈவோவுக்குப் போன் செய்தான்.

ஓடுகள் உடைந்து விழுந்தன. ஒயரின் தோல் பழுப்பேறி, இளகி, சிமெண்டோடு ஒட்டியிருந்தது. சில இடங்களில் செம்பு தெரிந்தது. ஈவோ அதை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“மச்சான், பீன்ஸுக்கு அடுப்பு எதுக்கு? பானைய இந்தச் சுவத்துலயே சாத்தி வச்சிருக்கலாமே.”

அடாயிர் சற்றுப் பொறுத்துத்தான் சிரித்தான். பிறகு உளியை வாங்கி, மீதி ஓடுகளைத் தானே பெயர்த்தான்.

இப்போது குழாய்க்குள் ஆறு எம்.எம். ஒயர் போகிறது. நாற்பது பிரேக்கர் அப்படியே இருக்கிறது. அதில் அவன் சொன்னது சரிதான். நீல ஓடு கிடைக்காததால் வெள்ளை ஓடு பதித்திருக்கிறோம். குளிக்கும்போது என் கை இன்னும் அந்த இடத்துக்கே போகிறது. சுவர் சில்லென்றிருக்கிறது. கையை எடுத்துவிடுகிறேன்.