மீன் பிரீசரில் ஒரு பியர் டெப்

என்னுடைய பிரீசரில் கை வைக்க நான் ஒருவரையும் விட்டதில்லை. ஆறு வருஷமாக அதில் மீன் வைத்து விற்றுத்தான் பாதி வீடு ஓடியது. அறுக்குளா, பாரை, கணவாய் எதுவென்றாலும் பாலையூற்றுச் சனம் என்னிடம்தான் வரும். அப்படிப்பட்ட பிரீசரை நானே வெறுமையாக்கி, துடைத்து, "இந்தாங்கோ, என்னவாவது செய்யுங்கோ" என்று என் மனுஷனிடம் கொடுத்தேன் என்றால், அவர் இருந்த கோலம் அப்படி.

அல்பிரட் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு ஹொட்டேலில் இருபத்தாறு வருஷம் பார்மன். தான் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டார். டெப் என்கிற பியர்க் குழாயை இழுத்து ஊற்றிக் கொடுப்பதில் ராசா. போன ஐப்பசியில் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் திரும்ப நடக்க வந்தது. வாயும் ஒருவாறு நேரானது. கை மட்டும் வரவில்லை. விரல் மடங்கும், பிடிக்கும், ஆனால் பலம் கிடையாது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் பாதி மடியில்தான்.

பார்க்க வந்த மனேஜர், "மே மாசம் சீசன் தொடங்க முதல் வாங்கோ அல்பிரட். டெப்பில நிண்டு ஊத்திக் காட்டினால் வேலை உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு இவருக்கு வேறு கதை இல்லை. நசுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர்ப் பந்தை யன்னலால் வெளியே எறிந்தார்.

"பந்து பிடிக்க நான் என்ன சின்னப்பிள்ளையே? இது டெப் இழுத்துப் பழகின கை. வீட்டில ஒரு டெப் இருந்தால் ரெண்டு மாசத்தில இழுத்துக் காட்டுவன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "விசர்க் கதை கதைக்காதேங்கோ" என்று குசினிக்குள் போய்விட்டேன். ஆனால் அன்று பின்னேரம் முழுக்க அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். கூப்பிட்டாலும் திரும்பவில்லை. எவ்வளவு நேரம்தான் நானும் கோபமாக இருப்பது?

பியரைக் குளிராக வைக்க ஒரு பெட்டி வேண்டுமென்று பிரீசரை வெறுமையாக்கி, கப்பல்துறை ஊரில் பிரிட்ஜ் திருத்துகிற என் தம்பி ஜெயகாந்தனைக் கூப்பிட்டேன். அவன் வந்து இறங்கியதுமே இவர், "எங்க மெஷின்? பெட்டியில ஓட்டையைப் போடு" என்று நின்றார்.

"பெட்டியில போட ஏலாது அத்தான். சுவருக்குள்ள முழுக்கக் காஸ் ஓடுற குழாய். ஒண்டில பட்டால் பிரீசர் முடிஞ்சுது."

மூடியைக் கழற்றினான். பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகைச் சட்டம் அடித்து, அந்தப் பலகையில் துளைத்து டெப்பைப் பூட்டினான். உள்ளே, ஹொட்டேல் ஸ்டோர்காரர் கொடுத்த பழைய பியர்ப் பீப்பாயும் பியரைத் தள்ளுகிற காஸ் சிலிண்டரும். பியர் உறைந்துவிடாமல் குளிரைக் கட்டுப்படுத்த வெளியே ஒரு சின்னப் பெட்டி. என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, வேலை சுத்தம்.

பியர்தான் இல்லை. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்பான தபசுகாலம் தொடங்கியிருந்தது. "உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள பியர் வரப்படாது. தண்ணியை ஊத்திப் பழகுங்கோ" என்று சொல்லிவிட்டேன். பீப்பாயில் தண்ணீர் நிரப்பினோம். அப்படியிருந்தும் கதை ஊரெல்லாம் போய்விட்டது. முஸ்லிம் தெருவிலிருந்து மீன் கேட்டு வந்த ஸாலிஹா, "என்ன கிறிஸ்டின், மீனை விட்டுட்டு பியர் விக்கிறீங்களாம்? எங்கட பக்கம் போர்டு வெச்சிராதீங்க" என்றாள். கன நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் நாள் இவர் வலது கையால் டெப்பைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். ஒன்பது நாள் இப்படியே. பத்தாம் நாள் சேவ் எடுத்து, ஹொட்டேலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டையும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கை வழுக்கி, முழங்கை பலகையில் அடிபட்டது. அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதார். இருபத்தொன்பது வருஷக் கலியாணத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. ஐயோ, என் நெஞ்சு வெடித்துவிட்டது.

அன்றே தம்பிக்குப் போன் எடுத்து, டெப்பைக் கொஞ்சம் இளக்கிவிடச் சொன்னேன்.

"அத்தானுக்குத் தெரிஞ்சால், அக்கா?"

"தெரியாது. நீ வாயைப் பொத்திக்கொண்டு செய்."

இவர் கோயிலுக்குப் போன நேரம் வந்து, வாசரை மாற்றி, நட்டைத் தளர்த்திவிட்டுப் போனான். சின்ன விரலுக்கும் அசைந்தது. கொஞ்சம் ஒழுகியது, கீழே கோப்பை ஒன்று வைத்தேன்.

மறுநாள், "கிறிஸ்டின்! இஞ்ச ஓடிவாரும்!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் மாவுக் கையோடு ஓடினேன். கிளாஸ் நிறையத் தண்ணீர். காஸ் ஏறி, சோடாபோல் சுரீரென்றிருந்தது. இருவரும் குடித்தோம். அதற்குப் பிறகு நாளைக்கு ஐம்பது தரம் இழுத்தார். சாப்பிட்டார், நித்திரை கொண்டார், பகிடி விட்டார். என் மனுஷனை எனக்குத் திருப்பித் தந்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து பியர் வந்தது. நுரை இரண்டு விரல் உயரம், பிசகாமல் ஊற்றினார். அந்த வியாழக்கிழமை ஹொட்டேலுக்குப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன்.

"வேலைக்குப் போறவனுக்கு மனுசி துணையோ?" என்று தனியாக ஓட்டோவில் ஏறினார்.

ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். சேட்டெல்லாம் பியர் மணம்.

"உடம்பைச் சாய்ச்சு இழுத்தும் பாதிதான் திறந்தது" என்றார். "பாதி திறந்தால் நுரைதான் வரும். நாலு கிளாஸ் வைச்சவை. நாலும் நுரை."

நேரே பிரீசரடிக்குப் போய், டெப்பை இடது கையின் ஒற்றை விரலால் தட்டினார். திறந்துகொண்டது. என்னைப் பார்த்தார்.

"ஆர் இளக்கினது?"

"நான்தான் செய்விச்சனான். நீங்கள் அழுததைப் பாக்க ஏலாமல்…"

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் நட்டுத் திருகுகிற சாவியை எடுத்து வந்து என் கையில் தந்து, "இறுக்கும்" என்றார். இறுக்கினேன். வலது கையால் பிடித்து இழுத்தார். முதல் நாள்போலவே, இம்மியும் அசையவில்லை.

"ரெண்டு மாசம் இருந்தது, கிறிஸ்டின்" என்றார். "இது இப்பிடியே இறுக்கமா இருந்திருந்தால் கை வந்திருக்கும்."

வந்திருக்குமோ, வராதோ, எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் இரண்டு மாதம் கேட்டார். அதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.