சயோகோவின் தவிட்டுச் சாடி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், என் செல்வங்களே. கதவோரம் குளிரும். உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். ராசா ராணி வராத கதை, ஒரு சாடி தவிட்டைப் பற்றியது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள்.

ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மேல்மாடி யோகராணியின் மகள் நிருஜா, இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு படிப்புக்காக மாணவர் விடுதிக்குப் போனாள். மூன்று அறைகளுக்கும் சமைக்க ஒரே குசினி. மற்ற அறைகளில் ஒருத்தி பின்லாந்துக்காரி, பெயர் ரீக்கா. மற்றவள் யப்பான் பிள்ளை சயோகோ. மூவரும் நோர்வேஜியனில்தான் பேசிக்கொள்வார்கள். நான் அதை எங்கள் தமிழில் சொல்கிறேன்.

ரீக்காவுக்கும் சயோகோவுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. செவ்வாய்க்கிழமை ரீக்காவின் சமையல். மேசையில் பின்லாந்து மொழிதான். வியாழன் சயோகோவின் சமையல். அன்று யப்பான் மொழி. உப்பு வேண்டுமென்றாலும் அந்தந்த மொழியில் கேட்டால்தான் கிடைக்கும். நிருஜா பல நாள் உப்பில்லாமல் சாப்பிட்டாள்.

ரீக்கா ஊரிலிருந்து ஒரு மரத்தொட்டி கொண்டுவந்திருந்தாள். அதில்தான் கறுத்த பாண் சுட மா குழைப்பாள். தொட்டியை ஒருநாளும் கழுவ மாட்டாள். உள்ளே காய்ந்து ஒட்டிய மாவில் புளிப்பு உறங்குமாம். மூன்று மாதம் கழித்துத் தண்ணீர் ஊற்றினாலும் எழும்பிவிடுமாம்.

சயோகோவிடம் இருந்தது ஒரு மண்சாடி. உள்ளே அரிசித் தவிடும் உப்பும் குழைத்த களி. முள்ளங்கியை மாலையில் புதைத்து வைத்தால் காலையில் ஊறுகாய். ஆனால் அதை நாள்தோறும் வெறுங்கையால் அடிவரை கிளற வேண்டும். இருபத்திரண்டு வருடம் அவளுடைய தாய் கிளறிய தவிடு அது. தாய் இறந்த பிறகு, அதில் பாதியைப் பொதி செய்து நோர்வே வரைக்கும் சுமந்து வந்திருந்தாள்.

ஒருநாள் யோகராணி மகளைப் பார்க்கப் போனவள் சாடியை எட்டிப் பார்த்தாள்.

"உதென்னடி பிள்ளை? நாங்கள் மாட்டுக்குக் கரைச்சு வைக்கிறதை இவள் மேசையிலை வைச்சிருக்கிறாள்."

"அம்மா, மெல்லக் கதையுங்கோ."

"ஏன், அவளுக்குத் தமிழும் விளங்குமோ?"

சொன்ன வாயாலேயே நாலு துண்டு முள்ளங்கி சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

ஆனி மாதம் சயோகோ இரண்டு கிழமை ஆய்வுகூட வேலைக்குத் துரொண்ட்ஹெய்ம் போக வேண்டியிருந்தது.

"சாடியோடை ரயிலேறினியெண்டால் அந்தப் பெட்டியிலை நீ மட்டும்தான் இருப்பாய்," என்றாள் ரீக்கா. "என்னட்டைத் தா. நான் கிளறுறன்."

சயோகோ அவளுடைய கையைப் பிடித்துத் தவிட்டுக்குள் முழங்கைவரை அமிழ்த்தி, எப்படிப் புரட்டுவது என்று காட்டினாள். பிறகு ஒரு கொப்பியும் கொடுத்தாள். "ஒவ்வொரு நாளும் கிளறினாப் பிறகு யப்பான் மொழியிலை ஒரு வரி எழுது. வந்து திருத்தித் தாறன்."

மூன்றாம் நாள் ரீக்காவின் சிநேகிதர்கள் கடலோரக் குடிலுக்குக் கூப்பிட்டார்கள்.

"அப்ப சாடி?" என்றாள் நிருஜா.

"அது உறங்கும். என்ரை மாத்தொட்டி மாதிரித்தானே."

"நான் கிளறட்டே?"

"வேண்டாம். அவள் என்னை நம்பித் தந்தவள்."

இதுவரைக்கும் நான் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். புளிப்பு என்றால் உறங்கும் என்றுதான் அவள் வளர்ந்த வீடு சொல்லிக் கொடுத்தது. ஆனால் அந்தக் கிழமை ஒஸ்லோவில் நல்ல வெயில். பத்தாம் நாள் திரும்பி வந்து மூடியைத் திறந்தால், மேலே கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். நாற்றத்தில் நிருஜா யன்னலைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ரீக்கா செய்ததைக் கேளுங்கள். எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினாள். சாடியைத் தேய்த்துக் கழுவினாள். கடையில் கோதுமைத் தவிடு வாங்கி உப்புப் போட்டுக் குழைத்து நிரப்பினாள். பிறகு மேசையில் இருந்து, பேனையை மாற்றி மாற்றி, போன நாட்களுக்கும் வரப்போகும் நாட்களுக்குமாகப் பதினான்கு வரி எழுதினாள்.

"நீ சொல்லமாட்டாய்தானே? தெரிஞ்சால் அவளுக்கு நோகும்," என்றாள்.

நிருஜா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சயோகோ வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முதலில் கொப்பியைத்தான் எடுத்தாள். சிவப்புப் பேனையோடு ஒவ்வொரு வரியாகத் திருத்தினாள். ஒன்பதாம் நாளுக்கு, 'இன்று வெயில், தவிடும் சந்தோசமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பூ வரைந்தாள். அவளுடைய ஊரில் நன்றாக எழுதிய பிள்ளைக்கு வாத்தியார் போடும் பூவாம்.

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாடிக்குள் கை வைத்தாள். வெளியே எடுத்து முகர்ந்தாள். மறுபடியும் விட்டு, அடியில் எதையோ தேடுகிறவள் போல வெகுநேரம் துழாவினாள்.

"ஒவ்வொரு நாளும் கிளறினனான்," என்றாள் ரீக்கா. அதை யப்பான் மொழியில் சொன்னாள். ஒரு பிழை இல்லை. சொல்லிக் கொடுத்தவளே சயோகோதானே.

சயோகோ நிருஜாவைப் பார்த்தாள். "உனக்கும் தெரியுமோ?"

"ஓம்," என்றாள் நிருஜா, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "பூஞ்சணம் பிடிச்சிட்டுது."

"பூஞ்சணம் மேலைதான் பிடிக்கும். அதை வழிச்செறிஞ்சால் அடியிலை ஒரு கைப்பிடியாவது நல்லது இருந்திருக்கும். திரும்ப வளர்க்க எனக்கு அது போதும்." ரீக்காவிடம் திரும்பினாள். "எங்கை கொட்டினனீ?"

"குப்பைத் தொட்டியிலை. திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போயிட்டினம்."

"பழுதாப்போச்செண்டு ரெலிபோனிலை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள் சயோகோ. "அழுதிருப்பன். அண்டைக்கே ரயிலேறி வந்திருப்பன்."

இவ்வளவையும் அவள் நோர்வேஜியனில்தான் சொன்னாள். அன்றோடு செவ்வாயும் வியாழனும் முடிந்தன. ரீக்கா சுடச்சுடப் பாண் கொண்டுபோய் அவளுடைய கதவில் தட்டுவாள். கடையில் மிச்சக் காசு வாங்குகிறவர்கள் போல, "தக்" என்று ஒரு நன்றி மட்டும் வரும். பாண் வாசலிலேயே காயும். நிருஜாவுக்கும் அதே "தக்"தான். அதை எனக்குச் சொல்லும்போதுதான் நிருஜா அழுதாள். "நான் பொய் சொல்லேல்லையே, அன்ரி," என்றாள்.

ஆவணியில் சயோகோ ரொம்சோஸில் அறை எடுத்துப் போய்விட்டாள். சாடியைக் கொண்டுபோகவில்லை.

சரி, எழும்புங்கள் மக்களே, நேரமாகிறது. உங்கள் வீட்டில் சட்டி பானை உடையாமல் இருக்கட்டும் என்று நான் கேட்க மாட்டேன், அது உடையும். உடைத்தவர் வந்து சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். அடுப்பு அணையாமல், வருகிறவர்களுக்கு எப்போதும் ஒரு பிடி சோறோடு, பிள்ளைகுட்டிகளுடன் நல்லாய் இருங்கள்.