மாடத்திலிருந்து விழுந்த சர்க்கரைப் பாதாம்

ரங்கூன் ஜெப ஆலயத்தில், தோரா வேதத்தை ஓதி முடித்துக் கொண்டாடும் சிம்ஹத் தோரா திருநாள் காலை. ஊரில் மிஞ்சியிருந்த யூதர்கள் எல்லாரும் வந்தும் முன்வரிசை பெஞ்சுகள்கூட நிறையவில்லை. பெண்கள் உட்காரும் மேல்மாடத்தைக் கரையான் அரித்துவிட்டதால் பூட்டி வைத்திருந்தார்கள். கத்தூன் கீழேயே, ஆண்களுக்குப் பின்னால், வேறு இரண்டு பெண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

தோராச் சுருள்கள் இருந்த வெள்ளிப் பேழைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆண்கள் பாடியபடி மேடையைச் சுற்றினார்கள். ஆள் குறைவு, பாட்டு எடுபடவில்லை. திடீரென்று கிழவர் ஹெஸ்கேலின் தொப்பிமேல் என்னவோ டொக்கென்று விழுந்தது. சர்க்கரைப் பாதாம். பின்னாலேயே கைநிறைய அள்ளி வீசியதுபோல் பொலபொலவென்று கொட்டியது.

ஒரு காலத்தில் பெண்கள் மாடத்திலிருந்து அப்படித்தான் வீசுவார்கள்.

"அண்ணி, விளையாடாதீங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினான் மஸ்லியா. அவன் கத்தூனுடைய கணவனின் தம்பி. ஆலயத்துக் காவல் அவன் பொறுப்பு.

"நான் இங்கதானே இருக்கேன்" என்றாள் கத்தூன், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

பாட்டு நின்றது. பாதாம் விழுவதும் நின்றது. கடைசியாய் விழுந்த ஒன்று பளிங்குத் தரையில் உருண்டு உருண்டு அடங்கியது. மஸ்லியா இடுப்பைத் தடவிப் பார்த்தான். மாடத்துச் சாவி அங்கேதான் இருந்தது.

"ஏன்டா நிறுத்திட்டீங்க?" ஹெஸ்கேல் மட்டும் சுருளை இறக்கவில்லை. "பாடுங்கடா. நாம நிறுத்தினா அவங்களும் நிறுத்திடுறாங்க பாரு."

நடுங்கும் குரல்களில் பாட்டு மறுபடி கிளம்பியது. மேலே வளையல்கள் குலுங்கின.

கத்தூன் எழுந்து மஸ்லியாவிடம் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"பலகை உளுத்துப்போச்சு அண்ணி, விழுந்து வைக்காதீங்க!"

மாடத்தில் யாரும் இல்லை. தரையில் கனத்த தூசு. ஒரு காலடித் தடம்கூட இல்லை. ஆனால் கைப்பிடி மரத்தின் மேல் மட்டும் தூசு அங்கங்கே துடைபட்டிருந்தது, வரிசையாக முழங்கை ஊன்றி நின்றதுபோல. திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது அவளுக்கு. அதற்குள் இரு பக்கமும் பட்டு சரசரத்தது; யாரோ அவளுக்காக ஒதுங்கிக்கொண்டார்கள். பன்னீர் வாசனை அடித்தது. அந்த இடைவெளியில் போய் நின்றாள். குளிர்ந்த விரல்கள் அவள் உள்ளங்கையைப் பிரித்துப் பாதாமை நிரப்பின.

வீசினாள். கீழே பாட்டு கூரையை முட்டியது.

மதியச் சாப்பாட்டின்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெஸ்கேல்தான் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நிக்க இடம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க மாமா."

"பக்கத்துல யாருன்னு பாத்தியா?"

"திரும்பவே இல்ல."

"நல்ல வேளை" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.