மூன்றாவது மாடு

பாதி உருளைக்கிழங்கால் நான் தேய்த்த தேய்ப்பில் மூன்றாவது மாட்டின் பின்பாதி காணாமல் போனபோது செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. படத்துக்கு விலை மதிப்பிடும் அம்மாள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் டாம்வொர்த் பக்கத்தில் ஆட்கள் வருகிறார்கள் என்றால் வீட்டைக் கழுவாமல் இருக்க மாட்டோம். டாக்டர் வருகிறார் என்றால் முதலில் நோயாளியைக் குளிப்பாட்டுவோம். அப்படிப்பட்ட ஊரில் பக்கத்துச் சொக்கோருவா மலையை வரைந்த எங்கள் வீட்டுப் பழைய படத்தை மட்டும் நூற்றைம்பது வருட அடுப்புப் புகையோடு எப்படிக் காட்டுவது? வெட்டிய உருளைக்கிழங்கால் துடைத்தால் பழைய படம் பளிச்சென்று ஆகிவிடும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த எல்லோரும் நாசமாய்ப் போக! மலை பளிச்சிட்டது, ஏரி பளிச்சிட்டது, புல்வெளிக்கு வந்ததும் கிழங்கில் பழுப்பாக ஏதோ ஒட்டியது. நிமிர்ந்து பார்த்தால் மாட்டுக்குத் தலையும் முன்னங்கால்களும்தான் மிச்சம்.

படம் என்னுடையதாக இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஜனவரியில் அம்மா போனபோது வீட்டை எனக்கும் படத்தை அண்ணன் ட்வைட்டுக்கும் எழுதிவைத்திருந்தாள். அம்மாவை முதியோர் இல்லத்தில் விடலாமா கூடாதா என்று தொடங்கிய சண்டையில் அவனும் நானும் ஏழு வருடம் பேசவில்லை. அடக்கம் முடிந்த அன்று அவன் சமையலறைக்கு வந்து, "காபி இருக்கா லோரீனா?" என்று கேட்டான். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. அந்த ஒரு கோப்பைக் காபியில் திரும்பக் கிடைத்த அண்ணனை ஓர் உருளைக்கிழங்கால் தொலைக்கப் போகிறேனே! கீழ்த்தெருவில் இதே மாதிரி மலைப் படம் ஒன்று நாற்பதாயிரம் டாலருக்குப் போனதாகப் பேச்சு வேறு.

படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டேன். ஒன்பதரைக்கு ட்வைட் வந்தான். படம் பக்கமே திரும்பாமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"உடம்பு சரியில்லையா அண்ணா?"

"ஒண்ணுமில்ல. நீ ஏன் பாறாங்கல் மாதிரி நிக்கிற?"

"சும்மாதான்."

விலை மதிப்பிடும் திருமதி பீவி பத்து மணிக்குப் போர்ட்ஸ்மத்திலிருந்து வந்து சேர்ந்தார். உயரமான, சிரிக்காத அம்மாள். காபி வேண்டாம் என்றார், நேரே படத்தைக் கழற்றினார், முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்த்தார். படம் வரைந்த துணியின் பின்புறம் பாஸ்டன் கடை ஒன்றின் முத்திரை இருந்தது. ஆணிகளைத் தடவினார். "1860 வாக்குல இருக்கும். கையெழுத்து இல்ல. அது ஒரு குறைதான்." பிறகு முன்பக்கம் திருப்பி மூக்கால் முகர்ந்தார். "இதென்ன, உருளைக்கிழங்கு வாசனை?"

அவர் ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிடச் சொன்னார். இருட்டானதும் பழைய படங்களைச் சோதிக்கும் ஊதா விளக்கு ஒன்றைப் பிடித்தார். மலையும் ஏரியும் புல்வெளியும் மங்கிய பச்சையில் மினுங்கின. இரண்டு மாடுகளும் அப்படியே. மூன்றாவது இடத்தில் மட்டும் பாதி மாடு, கரிக்கட்டையாய்.

"இது யார் வேலை?" என்றார் பீவி.

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றான் ட்வைட், அதே நேரத்தில்.

கம்பளியை நான்தான் இழுத்துத் தள்ளினேன்.

"நீ எப்படிண்ணா? காலையில தேய்ச்சு அழிச்சது நானு!"

"அழிச்சியா?" அவன் எழுந்து வந்து முதல்முறையாகப் படத்தைப் பார்த்தான். "அதை வரைஞ்சதே நான்டி. பதினோரு வயசுல. சின்னம்மை வந்து வீட்டுலயே கெடந்தேன்ல. ரெண்டு மாடு தனியா நிக்குதேன்னு ஸ்கூல் கலரை எடுத்து இன்னொண்ணு போட்டுட்டேன். அம்மா பாத்துட்டா. திட்டவே இல்ல. கொம்பு கொஞ்சம் பெருசுன்னா, அவ்வளவுதான். உனக்கு அப்ப அஞ்சு வயசு."

"அம்பத்துமூணு வருஷமா சொல்லாம இருந்தியா?"

"சொன்னா நீ சும்மா விட்டிருப்பியா? ஒரு வாரமாத் தூக்கமில்ல. படத்தைக் கெடுத்தவன் நான்தான்னு இந்தம்மா சொல்லிடுவாங்க, நீ மறுபடியும் பேச்சை நிறுத்திடுவேன்னு..."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாடா! இவனும் என்னைப்போலவே செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறான்.

"ஒருத்தர் வரைஞ்சிருக்கீங்க, ஒருத்தர் துடைச்சிருக்கீங்க" என்றார் பீவி. "ரெண்டு பேரும் சேந்து படத்துக்கு ஒண்ணும் பண்ணிடல. பின்னாடி பூசின கலர்தான் விளக்குல கறுப்பாத் தெரிஞ்சது. அதுக்கு அடியில பழைய வார்னிஷ் தடிமனா இருக்கு, அது காப்பாத்திருச்சு. இனிமே உருளைக்கிழங்கை வேகவெச்சுச் சாப்பிடுங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாங்கறவங்களுக்கு மலை பேர் தெரியணும். தண்ணி இருந்தா விலை ஏறும், மாடு இருந்தா இறங்கும். போன ரெண்டு வருஷ ஏலத்துல இந்த அளவுக்குப் போனதை வெச்சுப் பாத்தா ஆறாயிரம். மாடு ஒண்ணு குறைஞ்சதுக்குச் சேத்து வேணும்னா இருநூறு போட்டுக்கலாம்."

நாற்பதாயிரத்தை மனதில் வைத்திருந்த அண்ணன் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். அவனோ நாற்காலியில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கேட்டியா? என் மாட்டுக்கு விலை இருநூறு, அதுவும் இல்லாம இருந்தாத்தான்!" பீவி அம்மாளுக்கே உதடு துடித்தது.

மிச்சமிருந்த தலையைத் துடைத்துவிடவா என்று நான் கேட்டேன். துடைக்காதே, அது எனக்கு வேண்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து படத்தை எடுத்துப்போவதாகச் சொன்னான்.

ஞாயிறு வந்தான். வண்டியின் பின்பக்கம் படத்துக்காகத் தடித்த மெத்தை விரித்து, கட்டக் கயிறும் வைத்திருந்தான். சாப்பிட்டான், பேசினான், இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டான். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். நேற்றோடு ஆறு வாரம் ஆகிறது. படத்தை அவன் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. நேற்றும் வாசலில் நின்று பார்த்தேன்: சேற்றுப் பாதையில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது, பின்னால் வெறும் மெத்தையைச் சுமந்துகொண்டு.