ஆறாவது சுற்றில் நின்ற கார்

செங்கம் சாலை கெஸ்ட் ஹவுஸின் வேப்பமரத்தடியில் முருகவேல் காலை ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தான். மாடியில் மூன்றாம் நம்பர் அறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளே இருந்தவர் இனியன், பந்தயக் கார் ஓட்டுபவர். போன வாரம் வரை அவருடைய காருக்கு முருகவேல்தான் மெக்கானிக்.

அவர் வந்திருக்கும் செய்தியைச் சொன்னவள் முருகவேலின் மனைவி கஸ்தூரி. அடி அண்ணாமலையிலிருந்து தினமும் வந்து இங்கே அறைகளைப் பெருக்கித் துடைக்கிறவள். மூன்று நாள் மௌன விரதமாம். கழுத்தில் ‘மௌனத்தில் இருக்கிறேன்’ என்று அட்டை தொங்குகிறதாம். சட்னியில் காரம் கம்மியாக இருக்கட்டும் என்பதைக்கூடச் சீட்டில்தான் எழுதித் தருகிறாராம்.

"பேசத்தானே மாட்டாரு? எழுதுவாரு இல்ல? போய் எழுதி வாங்கிக்குங்க" என்று அவள்தான் யோசனை சொன்னாள்.

ஒரு வரி போதும். சென்னையில் தெருக்களை மறித்து நடத்திய பந்தயத்தில் இனியனின் கார் ஆறாவது சுற்றில் நின்றுவிட்டது. கியர்பாக்ஸ் எண்ணெய் மொத்தமும் ஒழுகி, கியர் இறுகிப் போயிருந்தது. தடுப்புச் சுவரோரம் இறங்கிய இனியன் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு நடந்தார். டிவியில் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மறுநாள், காரைப் பந்தயத்தில் இறக்கிய கம்பெனி பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தது. கியர்பாக்ஸுக்கு எதிரே ‘சரி’ என்று போட்டு முருகவேல் கையெழுத்திட்டிருந்தான்.

ஒழுக்கை அவன் பார்க்காமல் இல்லை. முந்தின நாளே காரடியில் விரித்திருந்த அட்டையில் எண்ணெய்ப் பொட்டு விழுந்திருந்தது. இனியனைக் கூப்பிட்டுக் காட்டினான். சரிசெய்ய வேண்டுமென்றால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் விதிப்படி கடைசி வரிசையிலிருந்துதான் புறப்பட முடியும். புறப்படும் வரிசையில் இனியனுக்குக் கிடைத்திருந்ததோ இரண்டாவது இடம். அவர் முருகவேலின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"அண்ணா, பதினஞ்சு சுத்துதான். தாங்கும். எதுனா ஆச்சுன்னா நான் பாத்துக்கறேன்."

அவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளை அண்ணா என்றதில் முருகவேல் கொஞ்சம் குளிர்ந்துதான் போனான். கையெழுத்தைப் போட்டான்.

கம்பெனி மேனேஜரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்த்தான். ஓட்டினவரே அப்படி எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் பேசலாம் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார். இன்று மாலைவரைதான் கெடு. நாளைக்கு அந்த இடத்துக்கு வேறு ஆள் வருகிறான். பதினோரு வருடமாகப் பார்த்த வேலை.

ஒன்பதரைக்கு இனியன் இறங்கி வந்தார். வெள்ளை ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் அட்டை. முருகவேலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கும்பிட்டார்.

"சார், நீங்க சொல்லித்தான் நான் கையெழுத்து போட்டேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பிடறேன். இல்லன்னா வேல போயிடும் சார்."

இப்படிக் கெஞ்சுவது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

இனியன் கண்களை மூடிக் கேட்டார். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நிதானமாக எழுதினார். தாளைக் கிழித்து, பிரசாதம் கொடுப்பதுபோல் இரண்டு கைகளாலும் நீட்டினார்.

‘உங்கள் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. முழு மனதோடு மன்னித்துவிட்டேன்.’

முருகவேல் இரண்டு தரம் படித்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். நிமிர்ந்தபோது இனியன் வாசலில் நின்ற பழைய வாடகை ஸ்கூட்டரைக் காட்டிக்கொண்டிருந்தார். சாவியைத் திருகுவதுபோல் விரலைத் திருகி, உதட்டைப் பிதுக்கினார். வண்டி கிளம்பவில்லை போலிருக்கிறது.

முருகவேலின் கை சும்மா இருக்கவில்லை. சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். வண்டிக்குள் கிடந்த ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றினான். கரி அப்பியிருந்தது. சட்டை நுனியால் துடைத்து, மாட்டி, உதைத்தான். முதல் உதையிலேயே கிளம்பியது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறியிருப்பதாகப் பட்டது. அதையும் திருகிக் குறைத்துவிட்டுத்தான் எழுந்தான்.

இனியன் மறுபடியும் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிரிவலப் பாதைப் பக்கம் திருப்பினார்.

மூன்றாம் நம்பர் அறையின் போர்வைகளை அள்ளிக்கொண்டு கஸ்தூரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எழுதிக் குடுத்தாரா?"

"குடுத்தாரு" என்றான் முருகவேல்.