உபயம் என்று போடாத விளக்கு

கருப்பம்மாளின் நெற்றியில் ‘உபயம்: கார்த்திகேய சிவம், சென்னை’ என்ற எழுத்துகள் படிந்தது ஓர் ஆனி மாதச் செவ்வாய்க்கிழமை. அன்று காரைக்குடியில் தக்காளி விலை இறங்கியிருந்தது, வெயில் இறங்கவில்லை. எழுத்து வந்த வழியில் மர்மம் ஒன்றும் கிடையாது. கோட்டையூர் அந்திநிழல் இல்லத்தில் அவள் கட்டிலுக்கு நேர் மேலே டியூப் லைட் இருந்தது. அதன்மேல் கொடுத்தவர் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். விளக்கைப் போட்டால் எழுத்தின் நிழல் அவள் முகத்தில் விழும். அன்று காலை விளக்கை அணைத்த பிறகும் நிழல் போகவில்லை, அவ்வளவுதான். நோயாளிகளைக் குளிப்பாட்டத் தினமும் சம்பளமில்லாமல் வந்துபோகும் பொன்னுத்தாயி அரப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தாள், கடைசியில் மண்ணெண்ணெயும் தொட்டுத் துடைத்தாள். தோல்தான் சிவந்தது. தடவினால் எழுத்து பழைய தழும்பு மாதிரி மேடாகத் தட்டுப்பட்டது. கருப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்து நெற்றியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, “யாரு பேருடி இது?” என்று கேட்டாள்.

“கார்த்திகேய சிவமாம் ஆத்தா. மெட்ராஸ்ல இருக்காக. இந்த லைட்டு வாங்கிக் கொடுத்தவுக.”

“லைட்டு வாங்கிக் கொடுத்தா லைட்டுல இருக்க வேண்டியதுதான, என் நெத்தியில என்ன சோலி?” என்றவள், மறுபடி நெற்றியைத் தடவிக்கொண்டே, “சரி, கெடந்துட்டுப் போகட்டும். பெத்ததுக ரெண்டும் எட்டிப் பாக்கல. எனக்கு வாய்க்கரிசி போட இவனாச்சும் வருவான்ல?” என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சு இல்லை. அவுக எப்ப வாராக, அவுக எப்ப வாராக என்று கஞ்சி கொண்டு வருபவரையும் மருந்து கொடுப்பவரையும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இல்லத்தின் செயலாளர் சத்தியமூர்த்தி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாருமில்லாமல் சாகக் கிடப்பவர்களுக்காகத் தன் பங்காளிகளிடம் பேசி, பூட்டிக் கிடந்த பெரிய வீட்டை வாங்கி இல்லமாக்கியவர். அந்த நல்லது அவர் செய்ததுதான். நன்றி சொல்வதிலும் அவர் முறையான ஆள். கட்டில், மின்விசிறி, வாளி, எச்சில் பணிக்கம் எதுவானாலும் கொடுத்தவர் பெயர் இல்லாமல் உள்ளே வராது. கையுழைப்பு கொடுப்பவர்களுக்குப் பெயர் எழுத இடமில்லையாதலால், தை மாத ஆண்டுவிழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவார். பொன்னாடை ஒன்றுதான். போர்த்திப் படம் எடுத்ததும், மேடையின் இடப்பக்கம் இறங்குகிறவரிடமிருந்து அதை வாங்கி மடித்து, வலப்பக்கம் ஏறுகிறவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆளும் இருந்தார். பத்து வருஷமாக அதே பொன்னாடை. பொன்னுத்தாயிக்கு அது ஊரில் எல்லார் கழுத்து வியர்வையும் வீசுகிற துணியாகத் தெரியும். இறங்கும்போது தானே மடித்துக் கொடுத்துவிடுவாள்.

ஆடி பிறப்பதற்குள் இல்லத்தில் இருந்த எல்லார் நெற்றியிலும் அவரவர் தலைக்கு மேலிருந்த பெயர் ஏறிவிட்டது. சத்தியமூர்த்தி இதைக் குறையாக நினைக்கவில்லை. படம் எடுத்து உபயதாரர்களுக்கு அனுப்பினார். பார்த்தவர்கள் மகிழ்ந்து போனார்கள். சிலர் தங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லி இரண்டாவது விளக்கு அனுப்பினார்கள். அந்த மாதம் இல்லத்தில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

ஆவணியில் முத்து இறந்தார். பழைய லாரி கிளீனர். நெற்றியில் சிங்கம்புணரி கோபிநாத் பெயர் இருந்தது. முத்துவின் மூச்சு நின்ற அதே நேரத்தில், சிங்கம்புணரியில் அரிசி ஆலை வைத்திருக்கும் கோபிநாத்தின் வீட்டில் சாமி விளக்கு அணைந்தது. திரி மாற்றினார்கள், எண்ணெய் மாற்றினார்கள், விளக்கையே மாற்றினார்கள், நெருப்பு பிடிக்கவில்லை. அடுப்பு மட்டும் எரிந்தது. சனிக்கிழமை திருக்கோஷ்டியூருக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனவருக்குக் கோயில் வாசற்படி தாண்டக் கால் எழும்பவில்லை. கூட வந்தவர்கள் தூக்கிவிட்டும் பார்த்தார்கள். அந்த ஒரு கால் மட்டும் கல்லாகக் கனத்தது. வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒச்சம்மாள் என்பவள், “வீட்டுல தீட்டா இருக்கும் சாமி. சொந்தத்துல யாரும் தவறிட்டாகளான்னு கேட்டுப் பாருங்க” என்றாள். சொந்தத்தில் எல்லாரும் சௌக்கியமாக இருந்தார்கள். இல்லத்துக்குப் போன் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. கோபிநாத் முனகிக்கொண்டே முத்துவுக்குக் கருமாதி செய்தார். மொட்டை அடித்துத் தலைமுழுகி வீட்டுக்கு வந்தபோது விளக்கு தானாக எரிந்துகொண்டிருந்தது.

செய்தி பரவ ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. நன்றிக் கடிதம் வந்தபோது பதில் போடாத உபயதாரர்கள் எல்லாம் இப்போது நேரிலேயே வந்தார்கள். வீட்டில் கல்யாணம், கடை திறப்பு, சபரிமலைக்கு மாலை, ஆளுக்கு ஒரு காரணம். யாரும் கோபமாகப் பேசவில்லை. “பேருக்கு ஆசைப்பட்டுச் செய்யலைங்க” என்று சொல்லிக்கொண்டே பெயரைச் சுரண்டச் சொன்னார்கள். விளக்கில் சுரண்டினால் நெற்றியில் அழிந்தது. பெயர் அழிந்தவர்கள் இரண்டு நாள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்கள். புரட்டாசியில் போனவர்களை ஊராட்சி ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள்.

கடைசியாக மிஞ்சியது கருப்பம்மாளின் நெற்றி. கார்த்திகேய சிவத்துக்குப் போன் போகவில்லை. அவர் வெளிநாட்டில் இருந்தார். ஐப்பசி அடைமழைக்கு நடுவே ஒருநாள் காரில் வந்து இறங்கினார். மரியாதையான மனிதர், அறுபதை நெருங்குகிறவர். தை மாதம் அவருக்கும் மனைவி சிவரஞ்சனிக்கும் அறுபதாம் வயதுச் சாந்திக் கல்யாணம், மண்டபம் பேசியாகிவிட்டது. இந்த அம்மா எப்போது போகும் என்று யார் சொல்ல முடியும் என்று சத்தியமூர்த்தியிடம் மெதுவாகக் கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பிளேடோடு ஸ்டூலில் ஏறினார்.

கருப்பம்மாள் கண் திறந்தாள். பார்வை மங்கிப் போயிருந்தது.

“மேல நிக்கிறது யாரு?”

பொன்னுத்தாயி கிழவியின் தலையைத் தாங்கிக்கொண்டாள். “லைட்டு தொடைக்க வந்துருக்காக ஆத்தா.”

“நல்லாத் தொடைக்கச் சொல்லு. அவுக வார நேரத்துல மங்கலா இருந்தா நல்லாவா இருக்கும்?”

கார்த்திகேய சிவத்தின் கை சற்று நின்றது. பிறகு மறுபடி சுரண்டியது. சிவப்புத் தூள் கட்டில்மேல் உதிர, எழுத்து ஒவ்வொன்றாக நெற்றியில் குறைந்துகொண்டே வந்தது. இறங்கியவர் அவளைப் பார்க்காமல் கும்பிட்டுவிட்டுப் போனார். மாலையில் கருப்பம்மாள் வழக்கம்போல விரலை நெற்றியில் ஓட்டினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய், திரும்ப ஒருமுறை வந்து, கை மெத்தையில் விழுந்தது. அவுக எப்ப வாராக என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கஞ்சியை உதட்டில் வைத்தால் வழிந்தது.

நாலாம் நாள் பொன்னுத்தாயி சத்தியமூர்த்தியின் மேசை முன்னால் போய் நின்றாள்.

“சார், அந்த லைட்டுல எம்பேர எழுதுங்க.”

சத்தியமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஒம் மக கீர்த்திக்குக் கார்த்திகையில நிச்சயம்னு சொன்னியேம்மா.”

“ஆமா.”

“கெழவி நாள் கணக்குல இருக்கு. தீட்டு வந்தா மாப்பிள்ளை வீடு நிக்குமா?”

“நிக்காதுன்னுதான் நெனக்கிறேன். அவுக ரொம்பப் பாக்குறவுக.” உள்ளங்கையை விரித்துக் காட்டி, “தெனமும் இந்தக் கையால அந்த நெத்தியக் கழுவுறேன் சார். வெறும் நெத்தியாத் தொட முடியல” என்றாள். கதவுவரை போனவள் திரும்பி, “உபயம்னு போடாதீக. நான் ஒண்ணும் வாங்கிக் கொடுக்கல” என்றாள்.

பெயின்டர் மருதுவைக் கூப்பிட்டு எழுதியிருக்கலாம். சத்தியமூர்த்தி தானே ஸ்டூலில் ஏறி எழுதினார். வருஷா வருஷம் மேடையில் வாசித்த பெயர்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்தாக எழுத நேர்ந்தது அன்றைக்குத்தான் என்பது அவருக்குப் பாதியில் உறைத்தது. ஸ்டூல் ஆடியதில் கடைசி எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. கருப்பம்மாளின் நெற்றியிலும் அப்படியே கோணலாக ஏறியது. அவள் தடவிப் பார்த்தாள். “சின்னப் பேரா இருக்கே. யாருடி?” என்றாள். பொன்னுத்தாயி சொன்னாள். “போடி கிறுக்கி” என்று கருப்பம்மாள் சிரித்தாள்; அன்று கஞ்சி இறங்கியது.

கார்த்திகை முதல் வாரத்தில் கருப்பம்மாள் இறந்தாள். பொன்னுத்தாயி வாய்க்கரிசி போட்டாள், அவளே கொள்ளியும் வைத்தாள். வீட்டில் விளக்கு அணைந்தது. ஊரெல்லாம் வாசலில் கார்த்திகை அகல் வரிசையாக எரிந்தபோது அந்த ஒரு வாசல் மட்டும் இருட்டாகக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி, யாரோ அநாதைக் கிழவிக்காக நல்ல காரியத்தைக் கெடுத்துக்கொண்ட வீட்டில் சம்பந்தம் சரிப்படாது என்று சொன்னார்கள். கீர்த்தி தட்டை வாங்கிச் சாப்பிடுவாள், கழுவி வைப்பாள், அம்மாவோடு பேசமாட்டாள்.

சத்தியமூர்த்தி இரண்டாம் நாள் அந்த வீட்டுக்கு வந்தார். செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். தீட்டு வீட்டில் அப்படி வெறுமனே உட்காருவது பங்காளிகள் செய்கிற காரியம். மறுநாள் கஞ்சி காய்ச்சுகிற சோணையம்மாள் வந்தாள். பிறகு துணி துவைக்க வருகிறவர்கள், சவரம் செய்ய வருகிறவர், மேடையில் பொன்னாடையை வாங்கி மடிக்கிற ஆள்கூட வந்தார். இருட்டில் முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நன்றி என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. கருமாதி முடிந்து பொன்னுத்தாயி தலைமுழுகி வந்தபோது விளக்கு எரிந்தது. அதற்குள் அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் வீட்டு விளக்குகளும் அணைந்திருந்தன என்பதும், யாரும் அதை வெளியே சொல்லவில்லை என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

அந்தத் தையில் மேடை போடவில்லை. கார்த்திகேய சிவத்தின் சாந்திக் கல்யாணம் நன்றாக நடந்ததாகக் கேள்வி. கீர்த்திக்கு இன்னும் வரன் அமையவில்லை. அம்மாவோடு பேசுகிறாள், முன்புபோல இல்லை. பொன்னாடையை மடிக்கிற ஆள் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்; அது பொன்னுத்தாயி வீட்டு ஜன்னலில் திரையாகத் தொங்குகிறது.

தலைமுழுகிய அன்றிலிருந்து பொன்னுத்தாயியின் வலது உள்ளங்கையில் ‘கருப்பம்மாள்’ என்று இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் எழுதினாற்போன்ற எழுத்து. அதை அவள் கழுவிப் பார்க்கவும் இல்லை. இல்லத்துக்குப் போகக் காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் ஏறிக் கை நீட்டியபோது, நடத்துநர் முதல்நாள் மட்டும் குனிந்து பார்த்தார்.

“யாருத்தா இது?”

“கூட வாராக.”

அவர் இரண்டு சீட்டாகக் கிழித்துக் கொடுத்தார். இப்போதும் அப்படித்தான் கொடுக்கிறார். அந்தப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது; அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.