பெலிண்டாவின் தம்பி

1

இந்தக் கதை ஒரு கோட்டிலிருந்து வந்தது. கைலாசபுரம் தொழிற்சாலையில் நான் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவன். எந்தப் படம் வரைந்தாலும் முதலில் தாளைச் சுற்றி நான்கு பக்கமும் பார்டர் போடுவோம். உள்ளே வரவேண்டியதெல்லாம் அப்புறம்தான். என் மனைவி பெலிண்டா கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்கு?"

"மேஜை இருக்கு" என்றேன்.

அந்தப் பேச்சு கடைசிவரை ஓயவில்லை. பிரபஞ்சத்துக்கு எல்லை உண்டு என்பது என் கட்சி. கிடையாது என்பது அவள் கட்சி. போன மார்ச்சில் அவள் இறந்துபோனாள். எதிர்க்கட்சி இல்லாத நான் இப்போது

(இந்த வாக்கியத்தைப் பல விதமாக முடித்துப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. இப்படியே கிடக்கட்டும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில், நட்சத்திரங்களைப் பார்த்தபடி...' அடித்துவிட்டேன். நாங்கள் இதையெல்லாம் பேசியது பெரும்பாலும் துணி மடிக்கும்போது.

"இந்த ஊருக்கு ஏழு மதில் இருக்குல்ல? ஏழாவதையும் தாண்டிப் போனா என்ன வரும்?"

"காவேரி."

"அதையும் தாண்டினா?"

"சத்திரம் பஸ் ஸ்டாண்டு."

"எங்கதான் கோடு போடப் போறீங்க, சொல்லுங்க பார்ப்போம். அந்தப் போர்வை முனையைப் பிடிங்க."

இரண்டாவது தொடக்கம் முக்கொம்பு அணைக்கரை. அதை வைத்துக்கொள்கிறேன். வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தோம். விரலெல்லாம் மசாலாவோடு அவள் சொன்னாள்: அணுக்களில் சில வகைகள்தான் உண்டு. அவற்றை அடுக்கும் விதங்கள் எவ்வளவு அதிகமானாலும் ஒரு கணக்குக்குள் அடங்கியவை. இடத்துக்கு முடிவே இல்லை, எங்கும் இப்படியே பொருள் பரவிக்கிடக்கிறது என்றால், அடுக்கியதே திரும்ப வந்துதானே ஆக வேண்டும்? எங்கோ இதே ஆறு, இதே மீன், நாம் இரண்டு பேர்.

"அங்கயும் இவ்வளவு காரமா?"

"ஒரு எடத்துல காரம் கம்மியா இருக்கும். இன்னொரு எடத்துல எனக்கு ஒரு தம்பி இருப்பான்."

பெலிண்டா வீட்டுக்கு ஒரே பிள்ளை. தம்பி இல்லாத குறை அவளுக்குப் போகவே இல்லை.*

* பின்னால் உதவும் என்று இந்தத் தம்பியை இங்கே செருகியதாக நினைப்பீர்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

3

நவம்பரில் கல்லறைத் திருநாள். பொழுது இறங்கும் நேரம். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரி, செவ்வந்தி, ஊதுபத்திப் புகை. பெலிண்டாவுக்கு இன்னும் கல்லறை கட்டவில்லை. மண்மேடும் பெயர் எழுதிய மரச்சிலுவையும்தான். அதன் முன்னால், நான் முன்பின் பார்த்திராத ஒருவர் மண்டியிட்டுத் திரி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தம்பி வந்துட்டேன்க்கா. லீவு தரலக்கா அவனுங்க. மொகத்தகூட பாக்க முடியலயே."

 அவர் தவறி வந்திருக்கிறார் என்று தோன்றவில்லை. தவறி வந்தவன் நான்தான் என்று தோன்றியது. ஏதோ ஒரு கோட்டைத் தெரியாமல் தாண்டி, அவளுக்குத் தம்பி இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். தலைக்குமேல் வானம்

(இங்கே வானத்தைப் பற்றி நிறைய எழுதிக் கிழித்தேன். 'பெரிது' என்ற சொல் அதற்குப் போதாது.)

அவர் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம் பேரு மார்ட்டினுங்க. துபாய்லேர்ந்து நேத்துதான் வந்தேன். வாய்ப்பாடு தப்பாச் சொன்னா தொடையில கிள்ளும் எங்கக்கா. அப்படி வலிக்கும்."

என் பெலிண்டாவும் கிள்ளுவாள்.

அப்போதுதான் பார்த்தேன். இரண்டு வரிசை தள்ளி, சுவரோரம், இன்னொரு புது மண்மேடு. அதன் மரச்சிலுவையிலும் பெலிண்டா. அங்கே ஒரு திரிகூட எரியவில்லை.

"நீங்க அக்காவுக்கு என்ன வேணுங்க?" என்றார் மார்ட்டின்.

4

முடிவு ஒன்று. "நான் இவங்க வீட்டுக்காரர். உங்க அக்கா அதோ, அங்க இருக்காங்க" என்கிறேன். அவர் பதறி எழுந்து, "ஐயோ, மன்னிச்சுக்குங்க சார்" என்று திரிகளைப் பிடுங்குகிறார். ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார். "இது இங்கயே இருக்கட்டும் சார். இவ்வளவு நேரம் அக்கான்னு கூப்ட்டுட்டேன்."

முடிவு இரண்டு. "தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொல்கிறேன். என் பையிலிருந்த திரிகளை எடுத்துப்போய், சுவரோரத்துப் பெலிண்டாவுக்கு ஏற்றுகிறேன். அங்கிருந்து பார்க்கிறேன். என் மனைவியை ஒருவர் முதன்முறையாக அக்கா, அக்கா என்று கூப்பிட்டு அழுகிறார். போதுமான அளவு அழட்டும் என்று நிற்கிறேன்.

5

இரண்டையும் விட்டுவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அதில்தான் சிக்கல்.

இரண்டும் நடந்திருக்கிறது என்றால் பெலிண்டா ஜெயித்துவிட்டாள். எங்கோ அவள் காரம் குறைந்த மீன் தின்றுகொண்டிருக்கிறாள். ஆனால் எண்ணி மாளாத இடங்களில், எண்ணி மாளாத நான், இப்படி ஒரு மேட்டின்முன் நிற்கவும் வேண்டியிருக்கிறது. ஒன்றுதான் நடந்தது என்றால் என் கட்சி ஜெயிக்கிறது. இத்தனை பெரிய இடத்தில் அவள் ஒரே முறை வந்தாள். வந்து, என்னோடு போர்வை மடித்தாள். அவ்வளவுதான், இனி எங்கும் இல்லை.

எது பெரிது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்று வருகிறது.

இந்தத் தாளுக்கு மூன்று பக்கம் பார்டர் போட்டுவிட்டேன். நான்காவது பக்கம் திறந்திருக்கிறது. அங்கே மார்ட்டின், உருகும் திரியைக் கையில் பிடித்தபடி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மெழுகு அவர் விரலைத் தொடப்போகிறது. சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்கள்.